லூவரில் ஒரு மஷ்க்: கமாலுல் முல்க்கும் தைலவர்ண உருவப்படமும்

நமது இலக்கியச் சூழலில் 'பிரதி' என்ற சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. ஒருவரது கவிதையை இன்னொருவரின் கொப்பி என்று சொல்லிவிட்டால் அத்துடன் பேச்சு முடிந்துவிடுகிறது. ஓவியத்துக்கும் இதே அளவுகோலைக் கொண்டு செல்பவர்கள் பலர். ஆனால், பாரசீக ஓவிய வரலாற்றின் மிக முக்கியமான திருப்பங்களுள் ஒன்று, நடுத்தர வயதைக் கடந்துகொண்டிருந்த ஒரு மனிதர் ஐரோப்பிய நூதனசாலைகளில் அமர்ந்து பிறரது படங்களைப் பார்த்து வரைந்த சில ஆண்டுகளில் நிகழ்ந்திருக்கிறது. அவர் பெயர் முஹம்மத் கஃபாரி. கமாலுல் முல்க் என்ற பட்டப்பெயராலேயே வரலாறு அவரை அறியும்.

1890களின் பிற்பகுதியில் அவர் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது கற்றுக்குட்டியாக இருக்கவில்லை. தெஹ்ரான் அரண்மனையின் 'நக்காஷ் பாஷி', அதாவது தலைமை ஓவியர் என்ற நிலை ஏற்கனவே அவருக்குக் கிட்டியிருந்தது. நாஸிருத்தீன் ஷாவின் அருகிலிருந்து அரண்மனைகளையும் தோட்டங்களையும் வேட்டைக் கூடாரங்களையும் வரைந்தவர். குலிஸ்தான் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தை வரைய அவருக்கு ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் பிடித்தன. சுவரெங்கும் பதித்த ஆயிரக்கணக்கான கண்ணாடித் துண்டுகளும், அவற்றில் உடைந்து சிதறும் வெளிச்சமும், கம்பள விரிப்பும், அந்தப் பெரிய மண்டபத்தில் சின்னஞ்சிறு உருவமாய்த் தனியே அமர்ந்திருக்கும் ஷாவும் அப்படத்தில் உள்ளனர். இத்தனை பொறுமையும் கைத்திறனும் கொண்ட ஒருவர், 1896இல் ஷா கொலையுண்டதன் பின்னர், பட்டத்தையும் பதவியையும் பின்னால் விட்டுவிட்டு மாணவனின் முக்காலியில் போய் அமர்ந்தார். புளோரன்ஸிலும் பாரிஸிலும் டிஷியனையும் ரெம்பிராண்டையும் பிரதி செய்தார்.

அவருக்கு அப்படி என்ன குறை இருந்தது?

இதற்கு விடை தேடுமுன் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்வது நல்லது. தைலவர்ணம் கமாலுல் முல்க் மூலம்தான் ஈரானுக்கு வந்தது என்று சிலர் எழுதுகின்றனர். அது சரியன்று. ஸஃபவி ஆட்சியின் கடைசிக் காலத்திலேயே ஈரானியர் தைலவர்ணத்தைக் கையாளத் தொடங்கிவிட்டனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பத்ஹ் அலீ ஷாவை, இடைவரை நீண்ட கரிய தாடியும் இரத்தினக் கவசமுமாக ஆளுயரக் கன்வஸ்களில் வரைந்து பிறநாட்டு அரசர்களுக்கு அன்பளிப்பாக அனுப்பியுமிருக்கிறார்கள். அவை கம்பீரமான படங்கள். ஆயினும் அவற்றில் ஒளி எத்திசையிலிருந்தும் வருவதில்லை. முகத்தின் ஒரு பக்கம் மறு பக்கத்தைப் போன்றே தெளிவாயிருக்கும். நகையின் ஒவ்வொரு முத்தும் எண்ணத்தக்கது. வர்ணம் மாறிற்றே ஒழியப் பார்வை சிற்றோவியத்தின் பார்வையாகவே இருந்தது. கோட்டினால் உருவத்தை எல்லை கட்டி, உள்ளே நிறத்தை நிரப்பும் முறை அது. ஓர் அரசனின் அரச நிலையை அது காட்டியது. அவனது வயது, களைப்பு, அச்சம் ஆகியவற்றைக் காட்டும் தேவை அதற்கு இருக்கவில்லை.

பிரதி செய்து கற்பது என்ற வழியும் கமாலுல் முல்க்குக்குப் புதியதன்று. அவர் காஷானின் கஃபாரி குடும்பத்தைச் சேர்ந்தவர். ஓவியம் அக்குடும்பத்தில் வழிவழியாக வந்த தொழில். அவரது சிறிய தந்தை அபுல் ஹஸன் கஃபாரி, ஸனீஉல் முல்க் எனப் பெயர் பெற்றவர், 1840களின் பிற்பகுதியில் இத்தாலி சென்று ரஃபாயேலின் படங்களைப் பிரதி செய்து திரும்பியவர். ஆயிரத்தொரு இரவுகளின் பாரசீக மொழிபெயர்ப்புக்கு ஆறு பாகங்களில் ஓவியம் தீட்டிய பெரும் குழுவுக்கு 1850களில் தலைமை தாங்கியவரும் இவரே. 1860களின் தொடக்கத்தில் இவர் தெஹ்ரானில் ஓர் அரச ஓவியக்கூடத்தைத் திறந்து, தாம் கொண்டுவந்த பிரதிகளையும் அச்சுப் படங்களையும் மாணவர் முன் வைத்தார். 1866இல் அவர் மறைந்தார். பின்னர் தாருல் புனூனில் கல்வி கற்ற முஹம்மத் கஃபாரி, அங்கு கிடைத்த ஐரோப்பிய அச்சுப் படங்களைப் பார்த்தே பெரும்பாலும் பயின்றார்.

குறை இங்கேதான் இருந்தது. அச்சுப் படத்தில் வர்ணம் இல்லை, பூச்சு இல்லை, அடுக்கு இல்லை. ஓர் ஓவியத்தின் உருவமைப்பை அது கற்றுத் தரும். தசை எவ்வாறு உருவாகிறது என்பதை அதனால் சொல்ல முடியாது. அதனை அறிய மூலத்தின் முன்னால் நிற்க வேண்டும்.

லூவர் நூதனசாலை 1793இல் திறக்கப்பட்டபோதே அது ஓவியர்களின் கல்விக்கூடமாகக் கருதப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பத்து நாள் வாரத்தில் ஐந்து நாட்கள் ஓவியர்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. பொதுமக்களுக்கு மூன்று நாட்கள் மாத்திரமே. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் பெயரெடுத்த அநேகமாக எல்லோரும் அங்கு பிரதி செய்தவர்களே. டிஷியனைப் பிரதி செய்த மனேயும், டெகாவும் முதலில் சந்தித்துக்கொண்டது அங்கேதான் என்பர். வெலாஸ்கெஸின் பெயரிலிருந்த ஒரு இளவரசியின் படத்தை டெகா அப்போது பிரதி செய்துகொண்டிருந்தாராம். பூக்களை வரைந்து புகழ்பெற்ற பந்தன் லத்தூர் இளமையில் லூவர் பிரதிகளை விற்றே சீவித்தார். பிரதி செய்வோருக்கு இன்றும் அங்கு அனுமதிப் பத்திரமும் ஓவியத் தாங்கியும் வழங்கப்படுகின்றன. பிரதியானது மூலத்தின் அளவில் இருக்கக்கூடாது. ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகவோ சிறிதாகவோ இருக்க வேண்டும். மூல ஓவியரின் கையொப்பத்தைப் போடவும் கூடாது. கற்பவனையும் கள்ளனையும் பிரிக்கும் கோட்டை இவ்வளவு எளிமையாக வரைந்திருக்கிறார்கள்!

கமாலுல் முல்க் பிரதி செய்தவற்றுள் ரெம்பிராண்டின் 'புனித மத்தேயு' ஒன்று. 1661இல் வரையப்பட்ட மூலம் லூவரில் உள்ளது. இன்ஜீலை எழுதுவதாகக் கிறிஸ்தவர் நம்பும் அம்முதியவர், எழுதுகோலுடன் ஏட்டின் முன் இருக்கிறார். ஒரு கை தாடியைப் பற்றியிருக்கிறது. பின்னாலிருந்து வானவர் ஒருவர் இளைஞனின் தோற்றத்தில் அவரது தோளில் கை வைத்துக் காதருகே ஏதோ சொல்கிறார். முதியவர் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு முகத்தை வரைவது எவ்வளவு கடினம் என்பதை இப்படத்தைப் பார்த்தால் உணரலாம்.

இதனைப் பிரதி செய்ய அமரும் ஒரு பாரசீக ஓவியரின் கை முதலில் தேடுவது கோட்டை. அங்கே கோடு இல்லை. கன்னம் எங்கு முடிகிறது, இருள் எங்கு தொடங்குகிறது என்று சொல்ல இயலாது. சிற்றோவியக்காரர் மெருகேற்றிய வெண்தாளில் தொடங்குவார். ரெம்பிராண்டோ கபில நிறம் பூசிய தளத்தில் தொடங்குகிறார். ஆகவே அவருக்கு இருள் முன்னரே இருக்கிறது; வெளிச்சத்தைத்தான் அவர் உண்டாக்க வேண்டும். நிழற் பகுதிகளை மிக மெல்லிய, ஊடுருவித் தெரியும் பூச்சாக விட்டுவிட்டு, நெற்றியிலும் மூக்கின் மேட்டிலும் கைந்நரம்பிலும் ஈய வெள்ளை கலந்த வர்ணத்தைத் தடிப்பாக அப்புகிறார். கிட்டப்போய்ப் பார்த்தால் அது வெறும் வர்ணத் திட்டு. நாலடி பின்னால் வந்தால் மனிதத் தோல். அவரது வர்ணத் தட்டும் எளியது. ஈய வெள்ளை, மஞ்சட் காவி, செங்காவி, மண்ணிறங்கள், எலும்புக் கரியின் கறுப்பு, அங்கங்கே ஒரு துளிச் சிவப்பு. பொன்னும் நீலக்கல்லும் அரைத்துப் பழகிய மரபிலிருந்து வந்தவருக்கு இந்தச் சிக்கனமே ஒரு பாடமாக இருந்திருக்கும்.

பொறுமையைப் பொறுத்தவரை அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. தைலவர்ணம் உலரக் காலமெடுக்கும். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சுகளில் படிப்படியாகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். இந்த வரிசை பிழைத்தால், மேலே உள்ளது முதலில் இறுகி, கீழே உள்ளது பின்னர் அசைந்து, படம் வெடிக்கும். எந்த நூலிலும் இதனை வாசித்து அறியலாம்தான். ஆனால் முடிந்த ஓவியம் ஒன்று தன் கடைசிப் பூச்சை மட்டுமே பார்ப்பவனுக்குக் காட்டுகிறது. பிரதி செய்பவனோ முதற் பூச்சைக் கண்டுபிடிக்க வேண்டியவனாகிறான். எது முன்னே வந்தது, எது காய்ந்த பிறகு வைக்கப்பட்டது, எந்த இடத்தில் ஓவியன் மனம் மாறினான் என்று பின்னோக்கிப் போகிறான். ஆகவே இது கண்ணாடியில் விம்பம் விழுவது போன்ற காரியமன்று. ஒரு மனிதன் எடுத்த முடிவுகளை வரிசையாகத் தானும் எடுத்துப் பார்ப்பது.

நம்மவர்க்கு இதனை விளங்கிக்கொள்ள அந்நியக் கலைச்சொற்கள் தேவையில்லை. அரபு, பாரசீக எழுத்தணிக் கலையில் 'மஷ்க்' என்ற பயிற்சி முறை உண்டு. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாபா ஷா இஸ்பஹானியின் 'ஆதாபுல் மஷ்க்' அதனை மூன்றாகப் பகுக்கிறது. முதலாவது 'மஷ்கே நளரீ'. உஸ்தாதின் எழுத்தைக் கையால் தொடாமல் கண்ணால் மட்டும் பார்த்திருப்பது. இரண்டாவது 'மஷ்கே கலமீ'. அதைப் பார்த்து எழுதுவது. மூன்றாவது 'மஷ்கே கயாலீ'. முன்மாதிரியை ஒதுக்கிவிட்டு, உள்ளத்தில் பதிந்ததைக் கொண்டு தானாகவே எழுதுவது. உஸ்மானிய எழுத்தணிக் கலைஞர்கள் இஜாஸா பெறும்போதும் பழைய உஸ்தாத் ஒருவரின் எழுத்தைப் பிரதி செய்தே காட்டினர். அதன் கீழே ஆசிரியர் தமது அனுமதியை எழுதினார். கமாலுல் முல்க் லூவரில் செய்தது இந்த மஷ்க்கைத்தான் என்பது எனது எண்ணம். மேற்கிற்கு அடிபணிந்துபோன கீழைத்தேயக் கலைஞர் என்று அவரை எழுதுபவர்கள் அவர் எந்தப் பள்ளியிலிருந்து வந்தார் என்பதை மறந்துவிடுகின்றனர். (உருவம் வரைதல் பற்றிய மார்க்கச் சட்டக் கருத்துவேறுபாடுகள் இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே உள்ளவை. அவை அறிஞர்களுக்குரியவை.)

மேலும், பிரதி என்ற ஆறு ஒரே திசையில் ஓடவில்லை. முகலாய அரசவையில் வளர்ந்த அபுல் ஹஸன், 1600ஆம் ஆண்டளவில், பதின்மூன்று வயதில் டியூரரின் அச்சுப் படமொன்றிலிருந்து யோவானின் உருவத்தைப் பிரதி செய்தார். பிற்காலத்தில் ஜஹாங்கீரின் தலைசிறந்த ஓவியர்களுள் ஒருவரானார். அதற்கு அரை நூற்றாண்டின் பின் ஆம்ஸ்டர்டாமில் ரெம்பிராண்ட் முகலாயச் சிற்றோவியங்களை எடுத்து வைத்து, கிழக்காசியாவிலிருந்து வந்த தாளில், ஷாஜஹானையும் ஜஹாங்கீரையும் அரசவையினரையும் பிரதி செய்தார். அவற்றுள் இருபதுக்கு மேற்பட்டவை இன்றும் எஞ்சியுள்ளன. ஒரு மரத்தடியில் நான்கு முதியவர்கள் அமர்ந்து உரையாடும் காட்சி அவற்றுள் ஒன்று. 1656இல் நபி இப்றாஹீம் (அலை) அவர்களிடம் வானவர்கள் விருந்தினராக வந்த காட்சியை அவர் செப்புத் தகட்டில் செதுக்கியபோது, நாற்காலியும் மேசையும் இல்லாமல் தரையில் விரிப்பின் மீது அமர்ந்து உண்ணும் அமைப்பை அந்த மரத்தடி முதியவர்களிடமிருந்தே பெற்றார். அதே 1656இல்தான் ரெம்பிராண்ட் கடனில் மூழ்கிச் சொத்திழந்தார். அதே ஆண்டில்தான் ஒல்லாந்தர் கம்பனி போர்த்துக்கேயரிடமிருந்து நமது கொழும்பைக் கைப்பற்றியது. கறுவாவை ஏற்றிச் சென்ற அதே வணிகத்தின் வழியிலேயே இந்தியச் சிற்றோவியங்களும் ஆம்ஸ்டர்டாமுக்குப் போய்ச் சேர்ந்தன.

ரெம்பிராண்ட் இத்தாலிக்குப் போனதே இல்லை. 1639இல் ரஃபாயேலின் 'காஸ்டிலியோனே' உருவப்படம் ஆம்ஸ்டர்டாமில் ஏலத்துக்கு வந்தபோது அதனை அவசரமாகக் கிறுக்கிக்கொண்டார். மறுவருடம் அதே இருப்பிலும் திருப்பத்திலும் தம்மையே வரைந்தார். அது பிரதியா, சொந்தமா? லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கும் அச்சுயஉருவப்படத்தின் முன் நிற்கும் எவரும் ரஃபாயேலைப் பற்றிக் கேட்பதில்லை.

கமாலுல் முல்க்கின் ஐரோப்பியப் பயிற்சி அவர் விரும்பிய அளவுக்கு நீளவில்லை. 1900இல் ஐரோப்பாவில் பயணம் செய்த முஸஃபருத்தீன் ஷா அவரை நாடு திரும்பப் பணித்தார். திரும்பி வந்தவருக்கு அரண்மனை ஒத்துவரவில்லை. ஈராக்குக்குச் சென்று சில காலம் அங்கே தங்கினார். 'கர்பலா மைதானம்', 'பக்தாதின் யூத குறிகாரர்', 'பக்தாத் பொற்கொல்லரும் அவரது சீடரும்' ஆகியவை அப்பயணத்தின் விளைவுகள்.

பொற்கொல்லர் படத்தையே நான் அவரது மிகச் சிறந்த படமாகக் கருதுகிறேன். கண்ணாடி மண்டபத்தைப் புகழ்வோருடன் எனக்குப் பிணக்கில்லை. அது உழைப்பின் வெற்றி. ஆனால் அங்கே ஒவ்வொரு பொருளும் ஒரே அக்கறையுடன் வரையப்பட்டிருக்கிறது. ஷாவின் முகமும் தூணும் ஓவியருக்கு ஒன்றுதான். பொற்கொல்லரின் கடையிலோ எதைக் காட்டுவது, எதை இருளில் விடுவது என்ற தெரிவு நடந்திருக்கிறது. சாதாரண மனிதரை அவர் அரண்மனைக் காலத்திலும் வரைந்ததுண்டு. எனினும் வெளிச்சம் ஒரு முதிய தொழிலாளியின் முகத்தைத் தேடிச் சென்று அடையும் இந்த முறை, லூவர் இருக்கையிலிருந்து வந்தது. ஆனால் அங்கே இருப்பது மத்தேயுவும் அல்லர், ஆம்ஸ்டர்டாமும் அல்ல. பக்தாதின் ஒரு பட்டறை. மூன்றாவது மஷ்க் என்பது இதுதான்.

அவர் மீது வைக்கப்படும் பிரதான குற்றச்சாட்டு நியாயமற்றதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் பாரிஸில் இருந்தபோது மொனேயும் ரெனுவாவும் முதன்முதலில் கூட்டுக் கண்காட்சி நடத்திக் கால் நூற்றாண்டு ஆகிவிட்டிருந்தது. செஸானின் தனிக் கண்காட்சி 1895இல் நடந்துவிட்டது. இத்தனையும் வெளியே நடந்துகொண்டிருக்க, இவர் உள்ளே 17ஆம் நூற்றாண்டின் முன்னால் அமர்ந்திருந்தார். காலத்தைத் தவறவிட்டார் என்கின்றனர். எனக்குத் தோன்றுவது வேறு. செஸான் எதை உடைத்தார் என்று விளங்க, உடைக்கப்பட்டதைக் கையில் வைத்திருக்க வேண்டும். பாரசீக ஓவியருக்கு அது கையில் இருக்கவில்லை. ஒரு தனிமனிதரின் ஆயுளில் இரண்டு பாலங்களையும் கடக்கும்படி கேட்பது எளிது.

குற்றச்சாட்டு வலுப்பெறுவது அவரது பள்ளிக்கூடத்தில். அரசியலமைப்புப் புரட்சியின் பின்னர், 1911இல், தெஹ்ரானின் நிகாரிஸ்தான் தோட்டத்தில் 'மத்ரஸயே ஸனாயியே முஸ்தள்ரஃபா' என்ற நுண்கலைப் பள்ளியை அவர் நிறுவினார். ஓவியத்துடன் சிற்பம், கம்பள நெசவு முதலியனவும் அங்கு கற்பிக்கப்பட்டன. இஸ்மாயீல் ஆஷ்தியானி, அலீ முஹம்மத் ஹைதரியான், ஹுஸைன் ஷைக், சிற்பி அபுல் ஹஸன் ஸித்தீக்கி ஆகியோர் அதன் மாணவர்கள். அனைவரும் தேர்ந்த கையுடையவர்கள். ஆயின் ஆசிரியர் ரெம்பிராண்டின் முன் அமர்ந்தார். மாணவர் பலர் ஆசிரியர் கொண்டுவந்த பிரதியின் முன் அமர்ந்தனர். பிரதியின் பிரதியில், மூலத்தின் முதற் பூச்சைத் தேடும் வேலைக்கு இடமில்லை. அங்கே தெரிவது ஏற்கனவே ஒருவர் கண்டுபிடித்த விடை. அப்பள்ளியிலிருந்து வந்த உருவப்படங்கள் பலவற்றில் ஒளியும் நிழலும் பிழையின்றி இருக்கின்றன. யாருடைய முகம் என்ற ஆர்வம்தான் குறைந்துபோகிறது. இரண்டாவது மஷ்க்குடன் நின்றுவிட்ட கைகள் என்று அவர்களுள் சிலரைச் சொன்னால் அது அவதூறாகாது. நமது மரபுக் கவிதைப் பரப்பிலும் இத்தகைய கைகளை நாம் காணாமலில்லை.

ரிஸா ஷாவின் ஆட்சியில் கல்வி அமைச்சுடன் ஏற்பட்ட முரண்பாடுகள் முற்றி, கமாலுல் முல்க் பதவி துறந்தார். 1928இல் நிஷாபூருக்கு அருகிலுள்ள ஹுஸைனாபாத் என்ற கிராமத்தில் போய் ஒதுங்கினார். அங்கு ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். 1940இல் மறைந்த அவர், ஃபரீதுத்தீன் அத்தாரின் அடக்கத்தலத்துக்கு அருகில் நல்லடக்கம் செய்யப்பட்டார். அவரது வாழ்க்கையை அலீ ஹாதமி 1984இல் திரைப்படமாக்கினார். அவரது படங்கள் பலவும், 'புனித மத்தேயு' பிரதியும், ஈரானிய மஜ்லிஸின் சேகரிப்பில் உள்ளன.

அவர் மறைந்த அதே ஆண்டில் தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் நுண்கலைப் பீடம் தொடங்கப்பட்டது. ஹைதரியான் அங்கு ஓவிய ஆசிரியரானார். அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் ஜலீல் ஸியாபூர். அவரும் பாரிஸ் போனார். ஆனால் ஆந்த்ரே லோத்திடம் கியூபிசம் படித்துத் திரும்பினார். 1940களின் இறுதியில் 'குரூஸே ஜங்கி', அதாவது சண்டைச் சேவல் என்ற பெயரில் நண்பர்களுடன் சேர்ந்து ஒரு சங்கமும் சஞ்சிகையும் தொடங்கி, கமாலுல் முல்க்கின் வழியை நேருக்கு நேர் எதிர்த்து எழுதினார்.